பெயிண்டுக்கு அடியில் பொட்டு

கன்னியப்பனுக்குக் கடவுள் பக்தி கொஞ்சம் அதிகம். அதில் தப்பில்லை. ஆனால் அவருடைய பக்தி சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் பொட்டு வைக்கச் சொல்லும். புது சைக்கிள், புது ஏணி, உடைக்காத பெயிண்ட் டப்பா, எதுவும் அவர் கையிலிருந்து தப்பியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டிவி வாங்கியபோது திரைக்கு நடுவிலேயே சந்தனத்தை அப்பிவிட்டார். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் செய்தி வாசித்தவர்கள் எல்லாரும் நெற்றியில் சந்தனத்தோடுதான் வாசித்தார்கள்.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குத் தெற்கே தசரதன் நடத்திய இரும்புப் பட்டறையில் அவர் பெயிண்ட் மேஸ்திரி. பட்டறை என்றால் முதலாளி தசரதனுக்குப் பிடிக்காது. வாசல் போர்டில் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று எழுதி வைத்திருந்தார். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அவருக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடையின் மேல் இருந்த பழைய ரயில் பாலத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறார்கள். அதற்கு எட்டு கர்டர் செய்து, பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும். கர்டர் என்றால் ஆளுயரத்துக்கு நிற்கும் எஃகு உத்திரம், நாற்பதடி நீளம். அதன் முதுகில்தான் ரயில் ஓடும்.

கர்டருக்குப் பெயிண்ட் அடிப்பதை ஜன்னல் கம்பிக்கு அடிப்பது போல நினைத்துவிடக் கூடாது. முதலில் கம்ப்ரஸர் காற்றில் மணலை வாரி அடித்து, இருக்கிற துருவையும் கறுப்புத் தோலையும் உரித்து எடுப்பார்கள். எஃகு வெளுத்து, தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி ஆகிவிடும். அந்த நிமிஷத்திலிருந்து நாலு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் செம்மண் நிறத்து பிரைமர் மேலே ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் இருக்கிற ஈரமே போதும், எஃகு துருவேறிப் பழுக்கத் தொடங்கிவிடும். பிரைமர் காய்ந்த பிறகு வெள்ளி நிறத்தில் அலுமினிய பெயிண்ட் இரண்டு கோட். இதையெல்லாம் ஸ்ப்ரே கன்னில் கன்னியப்பன் அடிக்கிற அழகை ஸ்ரீபெரும்புதூரிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். சொன்னது பெரும்பாலும் கன்னியப்பன்தான்.

முதல் இரண்டு கர்டர் ஆடி மாசக் கடைசியில் பாஸாகி லாரி ஏறிப் போயின. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டார்.

பாஸ் போட ரயில்வேயிலிருந்து வருகிறவர் பெயர் செந்தமிழன். பேருக்குத் தகுந்த மாதிரி பேசுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள். அவர் பேசுவதே அபூர்வம். ஒரு தோல் பையில் கத்தி, ஒட்டு டேப், சாக்பீஸ், கட்டைவிரல் பருமனில் பெயிண்டின் கனம் பார்க்கிற காந்தக் கேஜ் எல்லாம் வைத்திருப்பார். நெற்றியில் ஒன்றும் இருக்காது. அந்தக் காலி நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் கன்னியப்பனுக்குக் கை துறுதுறுக்கும்.

அன்றைக்கு செந்தமிழன் மூன்றாவது கர்டரின் வலது கோடியில், ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி, கத்தியால் ஒரு கீறல் போட்டார். டேப்பை ஒட்டி, தேய்த்து, வெடுக்கென்று இழுத்தார். டேப்போடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் வந்தது. வந்தது வெறுமனே வரவில்லை. மூன்று பட்டைக் கோடு, நடுவில் ஒரு வட்டம், வட்டத்தில் குங்குமச் சிவப்பு. எஃகின் மேல் அதே மூன்று கோடு சாம்பலாக ஒட்டிக்கொண்டு நின்றது.

செந்தமிழன் டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பெயிண்டுக்கு அடியில யாரு விபூதி பூசினது?"

பட்டறையில் இருபத்திரண்டு பேர். அதில் இருபத்தொரு பேர் நெற்றியில் விபூதி. மிச்சம் ஒருவர் வாட்ச்மேன் சாலமோன். படப்பைப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரைத் தவிர எல்லார் மேலும் சந்தேகம் சரிசமமாக விழுந்தது. கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைக்கிற மாதிரி நெற்றியையும் துடைத்துக்கொண்டு, வலது கையை அந்தத் துண்டுக்குள்ளேயே சுற்றி வைத்துக்கொண்டார். காரணம் இருந்தது. எப்போதோ ஒரு பெயிண்ட் டிரம் விழுந்ததில் அவருடைய மோதிர விரல் கோணிப்போய்விட்டது. அவர் போடுகிற பட்டையில் மூன்றாவது கோடு எப்போதும் கடைசியில் கீழே சரியும். டேப்பில் வந்த மூன்றாவது கோடும் சரிந்துதான் இருந்தது.

தசரதன் குதித்தார். ஒரு கர்டரைத் திரும்ப மணலடித்துத் திரும்ப பெயிண்ட் அடிப்பதென்றால் சும்மாவா.

"இன்னொரு வாட்டி டேப்ல சாமி வந்துச்சின்னா, பெயிண்ட் வேலைய மெட்ராஸ் கான்ட்ராக்டர் கையில குட்த்துடுவேன். மேஸ்திரி, அப்புறம் உனுக்கு கன்னு கெடையாது. மணல் சலிக்கிற வேலதான். எவன் வெச்சாலும் சரி, பதில் சொல்ல வேண்டியது நீ."

எவன் வைத்தான் என்பது தெரிந்த ஒரே ஆள் தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து, சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரே மனிதர் என்பதால், சாலமோனுக்கு ஒரு வேலை கூடியது. மணலடித்து வெளுத்த கர்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். விபூதி, சந்தனம், குங்குமம் என்று எவனாவது கிட்டே வந்தால் விசில் ஊத வேண்டும். சாலமோன் அந்த விசிலைப் பாலிஷ் போட்டு வைத்துக்கொண்டார்.

கன்னியப்பன் இதை விளையாட்டுக்குச் செய்தார் என்று நினைத்தால் அவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். அவருடைய ஒரே மகள் கங்காவை அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. கைக்குழந்தையோடு அவள் அம்மா வீட்டுக்கு வருவதும் போவதும் அந்த ஓடைப் பாலத்தின் மேல் ஓடுகிற ரயிலில்தான். பொட்டுகூட வைக்காத கர்டர் மேல் தன் பெண்ணும் பேரனும் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெயிண்டுக்கு மேலே வைத்தால் முதல் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். சாமி எஃகைத் தொட வேண்டும், உள்ளே நிரந்தரமாக இருக்க வேண்டும். அவர் யோசனை அதுதான். அந்த நாற்பதடி நீளத்தில் எங்கே மோசம் பண்ணக் கூடாதோ அங்கேயே தன் கையால் மோசம் பண்ணுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டேப்பில் வந்ததைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் உறைத்தது.

நாலாவது கர்டர் மணலடித்து முடிந்தது, போயும் போயும், ஆயுத பூஜை அன்றைக்கு.

பூஜை சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். ஆனால் பொட்டு வைக்கிற வேலை பதினொரு மணிக்கே தொடங்கிவிட்டது. கம்பி பிரஷ் போட்டு இரும்பு தேய்க்கிற பெண்களுக்குத் தலைவி மரகதம், சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டுமாகப் புறப்பட்டாள். கிரேனுக்கு வைத்தாள். டிரில்லிங் மெஷினுக்கு, வெல்டிங் டிரான்ஸ்பார்மருக்கு, ஆபீஸ் டைப்ரைட்டருக்கு, டீக் கெட்டிலுக்கு, முதலாளியின் அம்பாஸிடர் காருக்கு வைத்தாள். சாலமோனின் சைக்கிளுக்கு வைத்துவிட்டு, "நீ கோச்சிக்கினாலும் சைக்கிள் கோச்சிக்காது" என்றாள். கடைசியில் எல்லாமே மஞ்சளும் சிவப்புமாக இருக்க, நடு முற்றத்தில் நாற்பதடி நீளத்துக்கு கர்டர் மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

மரகதம் அதை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். விசில் பறந்தது.

"யோவ், எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத்த மட்டும் வுட்டா நல்லாவா கீது?"

"நல்லா இல்லதான்" என்றார் சாலமோன். "ஆனா மொதலாளி சொல்லிக்கீறாரு. பத்தடி தள்ளி நில்லு."

"ஒரே ஒரு புள்ளி."

"புள்ளிக்கும் விசிலுதான்."

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கன்னியப்பன் கர்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெயிண்டர் என்பதால் அவருக்கு மட்டும் கிட்டே போக அனுமதி உண்டு. பதினொன்றரைக்கு மணலடி முடிந்தது. மூன்றரைக்குள் பிரைமர் ஏற வேண்டும். படப்பைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழைக்கு ஆயுத பூஜையெல்லாம் தெரியாது. கம்ப்ரஸர் தயார், கன் தயார், பிரைமர் கலக்கித் தயார். அவர்தான் தயாராகவில்லை. இடுப்பு மடிப்பில் விபூதிப் பொட்டலம் கனத்தது. வருஷம் பூராவும் எதற்கெல்லாமோ வைத்த கை, ஆயுத பூஜை அன்றைக்கு, தன் பேரன் மேலே போகப் போகிற கர்டரைச் சும்மா விடுவதா? வைத்தால் கன் போச்சு. வைக்காவிட்டால் தூக்கம் போச்சு. இரண்டு முறை கை இடுப்புக்குப் போனது. இரண்டு முறையும் சாலமோன் விசிலை உதட்டருகே கொண்டுபோனார்.

"அண்ணே, நீ மனசுல இன்னா வேணா கும்புடு. நானும் உனக்காக ஜபம் பண்ணிக்கினுதான் இருக்கேன். கை மட்டும் வெளிய இருக்கட்டும்."

"உனுக்குப் புள்ள குட்டி கீதில்ல?"

"கீது. அதுங்களும் ரயில்லதான் போவுதுங்க. அதுக்குத்தான் சொல்றேன், பெயிண்டு ஒட்டட்டும்."

அந்த நேரத்தில் மரகதம் ஒரு பழைய பிரஷ்ஷோடு வந்து நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, மணி ரெண்டாவுது. சார் எழுதிக் குடுத்த காயிதத்துல இன்னா போட்டுக்கீது? ஓரத்துக்கும் வெல்டு தையலுக்கும் மொதல்ல கையால பிரஷ் போடணும், அப்புறம்தான் கன்னு. நீ என்னிக்காவது போட்டுக்கீறியா?"

போட்டதில்லை. கூர்மையான ஓரத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் நிற்காமல் வழிந்து மெலிந்துவிடும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும் என்று செந்தமிழன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார். கன்னியப்பன் அதையும் கன்னாலேயே சமாளித்துவிடுவார். கன் பிடிக்கிறவன் பிரஷ் பிடிப்பது அவரைப் பொறுத்தவரை லாரி டிரைவர் மாட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி. ஆனால் இன்றைக்குக் கன்னை எடுக்க மனசு வராததால், கொஞ்ச நேரத்தைத் தள்ளிப் போடலாமே என்று பிரஷ்ஷை வாங்கினார்.

டப்பாவில் முக்கியபோது பிரைமர் விரலெல்லாம் வழிந்தது. துடைக்கத் துண்டை எடுத்தவர் அப்படியே நின்றார்.

குங்குமத்தைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்தால் என்ன நிறம் வரும், அந்த நிறம். இத்தனை வருஷமாகக் கையில் பட்டுக்கொண்டிருக்கிற நிறம்தான். இது எஃகைத் தொடுகிறது. உள்ளே நிரந்தரமாக இருக்கிறது. உரிந்து வராது, உரிந்து வரக் கூடாது என்பதற்காகவே செய்தது. விரலில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது என்று பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் இதற்காகத்தான். கன்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் கலங்கியது. பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு, மூன்று விரலையும் பிரைமரில் தோய்த்தார்.

வலது கோடிக்குப் போய், வெளுத்த எஃகின் மேல் நிதானமாக இழுத்தார். மூன்று கோடு. நடுவில் கட்டைவிரலால் ஒரு வட்டம். மூன்றாவது கோடு வழக்கம்போலக் கீழே சரிந்தது.

விசில் பாதி ஊதி நின்றது. சாலமோன் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இன்னாது இது?"

"பிரைமரு."

"பொட்டு மாதிரி கீதே."

"பிரைமருதான்யா. மோந்து பாரு."

சாலமோன் முகர்ந்து பார்த்தார். பிரைமர் நாற்றம்தான் அடித்தது. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மொதலாளி விபூதி, சந்தனம், குங்குமம்னு மூணு பேர்தான் சொன்னாரு. பிரைமரு அதுல இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்து விசிலைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கன்னியப்பனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு ஓரத்துக்கும், ஒவ்வொரு வெல்டு தையலுக்கும், ஒவ்வொரு போல்ட் ஓட்டைக்கும் கையால் பிரைமர் வைத்தார். வெறுமனே அடிக்கவில்லை, வைத்தார். ஒவ்வோர் ஓட்டையைச் சுற்றியும் வட்டப் பொட்டு. மரகதமும் மற்றப் பெண்களும் அந்தப் பக்கத்திலிருந்து வைத்துக்கொண்டு வந்தார்கள். மூன்று மணிக்குக் கன்னை எடுத்து, மூன்று இருபதுக்கு முழுக் கர்டரையும் மூடினார். பொட்டெல்லாம் அதே நிறத்துக்குள் மறைந்துபோனது. தார்ப்பாய் இழுத்துவிட்ட பத்தாவது நிமிஷம் மழை கொட்டியது.

அடுத்த வாரம் செந்தமிழன் வந்தபோது கர்டர் வெள்ளியாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. மனுஷன் கத்தியும் டேப்புமாக ஏழு இடத்தில் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து, முதல் முறையாகப் புருவத்தை உயர்த்தினார். பிறகு காந்தக் கேஜை எடுத்து, சாண் சாணாக வைத்து, பெயிண்டின் கனத்தைக் குறித்துக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனம். வலது கோடிக்கு வந்ததும் கேஜ் கொஞ்சம் அதிகம் காட்டியது. ஒரு விரற்கடை தள்ளி வைத்தார், சரியாக இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை, மறுபடி அதிகம்.

செந்தமிழன் சாக்பீஸை எடுத்தார். அதிகம் காட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் நின்ற கன்னியப்பன் வலது கையை மறுபடி துண்டுக்குள் சுற்றிக்கொண்டார். இருபது முப்பது புள்ளி ஆனதும் செந்தமிழன் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் ஒரு வட்டம். மூன்றாவது கோடு கீழே சரிந்தது.

அதன் மேலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறி, டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுத்தார். டேப் காலியாக வந்தது. இன்னொரு முறை இழுத்தார். அப்போதும் காலி.

"கையைக் காட்டுங்க" என்றார் மெதுவாக.

கன்னியப்பன் துண்டை அவிழ்த்துக் கையைக் காட்டினார். செந்தமிழன் அந்தக் கோணல் விரலைப் பார்த்தார். காபி சொல்லிவிட்டு தசரதன் ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் கிட்டே வருவதற்குள் செந்தமிழன் உள்ளங்கையால் சாக்பீஸ் கோட்டையெல்லாம் தேய்த்து அழித்துவிட்டார்.

"எப்படி சார் கீது?"

"பாஸ். ஓரமெல்லாம் இப்படித்தான் இருக்கணும். அந்தக் கீறலை மட்டும் மூடிடுங்க."

காபி வந்தது. தசரதன் சிரித்தார். மரகதம் சிரித்தாள். சாலமோன் வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார். கன்னியப்பன் அப்போதே வாயை மூடிக்கொண்டு காபி குடித்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். கன் அவர் கையில் இருந்திருக்கும். மூன்றாவது கர்டரில் விபூதி வைத்தது யார் என்பது அவரைத் தவிர அந்தக் காலி நெற்றிக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் சொல்லப் போவதில்லை. அது நன்றாகத் தெரிந்தது கன்னியப்பனுக்கு. ஆனால் பாஸாகிப் போன முதல் இரண்டு கர்டர் கண் முன்னால் நின்றன. கங்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் ஜன்னல் வழியாக ஓடையைப் பார்க்கிற மாதிரியும் தோன்றியது.

"சார்" என்றார். "மொத ரெண்டுத்துலயும் கீது."

"என்ன?"

"விபூதி. நான்தான் வெச்சேன். மூணுத்துலயும் நான்தான். மூணாவதத் திரும்ப மணலடிச்சிட்டோம். மொத ரெண்டும் அப்படியே லாரி ஏறிப் போயிடுச்சி சார்."

தசரதன் காபி டம்ளரை வைத்தார். "நீயா?" என்று கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூடக் கன்னியப்பனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பதினான்கு வருஷப் பழக்கம்.

"எந்த இடம்னு சரியா தெரியுமா?" என்று செந்தமிழன் கேட்டார்.

"கண்ண மூடிக்கினு காட்டுவேன் சார்."

செந்தமிழன் தசரதன் பக்கம் திரும்பினார். "இவர் சொல்லலைன்னா துரு சொல்லியிருக்கும். இடம் தெரியலைன்னா ரெண்டு கர்டரையும் திருப்பிக் கொண்டு வந்து முழுசா மணலடிக்கணும். தெரிஞ்சா உள்ளங்கை அளவு வேலை. நாளைக்கு இந்த கர்டர் போற லாரியிலயே இவரை அனுப்புங்க. நான் அங்க வந்துடறேன்."

தசரதன் போய் ஸ்ப்ரே கன்னை எடுத்து ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"அங்க போட்ட பெயிண்டு காஞ்சி, சார் டேப் இழுத்து, ரெண்டும் பாஸுன்னு வரட்டும். அப்புறம் இத்தப் பத்திப் பேசு. அதுவரிக்கும் மணலு சலி."

மறுநாள் ஓடைக் கரையில் செந்தமிழன் காத்திருந்தார். முதல் இரண்டு கர்டரும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டைகளின் மேல் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வெள்ளிப் பெயிண்டுக்கு நடுவில் மூன்று கோடு லேசாகப் புடைத்துக்கொண்டிருந்தது. புடைத்த இடமெல்லாம் வெடித்து, பழுப்புத் துரு கசிந்திருந்தது. நடுவில் துருவாலேயே ஒரு வட்டம். மூன்றாவது கோடு கீழே சரிந்திருந்தது. இரண்டு மாச மழையில் பொட்டு தானாகவே வெளியே வந்துவிட்டது.

"பொடி ஈரத்தை இழுத்து உள்ளேயே வெச்சுக்கும்" என்றார் செந்தமிழன்.

சாமியைக் காவலுக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டு துருவுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறோமே என்று கன்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அரக்கோணம் பாசஞ்சர் பழைய பாலத்தின் மேல் தடதடவென்று போனது. ஜன்னல்களில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் அவர் தலையைத் தூக்கவில்லை.

பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, கத்தியை எடுத்து, தன் கையால் வைத்த விபூதியைத் தன் கையாலேயே சுரண்டினார். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். உப்புத்தாள் போட்டார். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். உள்ளங்கை அகலத்துக்கு எஃகு வெளுத்துப் பளிச்சென்று வந்தது. இரண்டாவது கர்டரிலும் அப்படியே. செந்தமிழன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, தலையை அசைத்துவிட்டு, பிரைமர் டப்பாவைத் தானே திறந்து நீட்டினார்.

கன்னியப்பன் பிரஷ்ஷை எடுத்தார். முக்கினார். ஆனால் வைக்காமல் செந்தமிழன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவும் தெரியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. விரல் மூன்றும் டப்பாவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தன.

செந்தமிழன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணி நேரம் இருக்கு. அவசரமில்லை, பொறுமையா வைங்க" என்று சொல்லிவிட்டு, ஓடையில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினைந்து நாள் கன்னியப்பன் மணல் சலித்தார். பதினாறாவது நாள் தபாலில் ஒரு கவர் வந்தது. தசரதன் பிரித்தார். ஒரு வெள்ளைக் காகிதத்தில் இரண்டு துண்டு டேப் ஒட்டியிருந்தது. அடியில் செந்தமிழனின் கையெழுத்தும் தேதியும். தசரதன் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு டேப்பிலும் ஒரு பொட்டுப் பெயிண்ட்கூட இல்லை. கண்ணாடி மாதிரி காலியாக இருந்தன. பீரோவைத் திறந்து கன்னை எடுத்துக் கன்னியப்பன் கையில் கொடுத்தார். அந்தக் காகிதத்தையும் கொடுத்தார்.

கன்னியப்பன் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடுப்பு மடிப்பிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, அதன் மேல் அழகாக மூன்று பட்டை போட்டு நடுவில் குங்குமம் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சாலமோன் விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். காகிதத்துக்கு யாரும் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை என்பது ஞாபகம் வந்து, ஊதாமல் பையில் போட்டுக்கொண்டார்.